பரங்கி விதை வெண்ணெயும் பற்பொடி டப்பாவும்

எனக்கு இன்றுவரை விடை தெரியாத கேள்வி ஒன்று இருக்கிறது. என் மகள் ஜெனி ஒரே மாதத்தில் அறுநூறு கிராம் எடை கூடினாள். எதனால் கூடினாள்?

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது அறுநூறு கிராம். எனக்கு அது ஒரு மாதத்துத் தூக்கம்.

நான்கு வயது ஜெனி எதையுமே சாப்பிட மாட்டேன் என்கிறாள் என்று போன மாதம் இதே பக்கத்தில் புலம்பியிருந்தேன். நினைவிருக்கிறதா? எத்தனை கடிதங்கள்! ஒருவர் ‘இரண்டு அடி போடுங்கள், தானாகச் சாப்பிடும்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள்’ என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். வாணியம்பாடியிலிருந்து ஒரு அம்மா, பேரீச்சம்பழத்தைப் பாலில் ஊற வைக்கச் சொன்னார். ஒரு பெரியவர் மட்டும், ‘எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் கத்தரிக்காய் தொடுவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். விட்டுவிடுங்கள்’ என்று முடித்துவிட்டார்.

நான் சொன்ன பேச்சுக் கேட்கிறவள். எல்லோரும் சொன்னதைச் செய்தேன். அடி, அடிக்காதே — இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது? முதுகில் லேசாக ஒன்று வைத்துவிட்டு உடனே தடவிக் கொடுத்தேன். ஜெனி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். சாப்பிடவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில். இவருக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. பள்ளிக்குப் பின்னால் ஓடு போட்ட வீடு. கணியம்பாடியில் பிறந்து வேலூரில் பாட்டனி படித்த நான், கல்யாணமான பிறகு ஜீப்பில் வாந்தி எடுத்துக்கொண்டே மலை ஏறி வந்தேன். ஆறு வருடம் ஆயிற்று. பாட்டனி படித்தேன் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவமானப்பட வேண்டியிருக்கிறது.

இங்கே மாதத்தின் முதல் புதன்கிழமை குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள். பலா மரக் கிளையில் தராசு தொங்கும். அதன் கொக்கியில் கால் விட்டு உட்காரும்படி ஒரு துணிப்பை. குழந்தையை அதில் போட்டுத் தொங்கவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து அட்டையில் ஒரு புள்ளி வைப்பார் நர்சம்மா. புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் நல்ல தாய். கீழே இருந்தால்...?

ஆனி மாதம் ஜெனியின் புள்ளி கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

“இன்னாம்மா இது, படிச்சவங்க நீங்களே இப்படியா? மலைக்காட்டுல கூழு குடிக்கிற புள்ளைங்க எல்லாம் கோட்டுக்கு மேல கீது பாருங்க” என்றார் நர்சம்மா. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என் மகளின் கால்களைப் பார்த்தார்கள். “அடுத்த மாசமும் ஏறலேன்னா வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். அங்க வெச்சுப் பாக்கட்டும்.”

வேலூர்! ஜீப், பஸ், ஊசி, ரத்தப் பரிசோதனை... அதற்கெல்லாம் மேலே, ‘குழந்தைக்குச் சோறு போடக்கூட வக்கில்லையா’ என்று கேட்கக் காத்திருக்கும் வேலூர் உறவுக்காரர்கள். இருந்தது நாலு வாரம். அந்தப் புள்ளியை நான் எப்படியாவது மேலே தள்ளியாக வேண்டும்.

அப்போதுதான் என் தம்பி வந்தான். காபித் தூள் வாங்கி வா என்று எழுதியிருந்தேன். கோக்கோத் தூள் வாங்கி வந்திருந்தான். ஏன்டா என்றால், “டப்பா அழகா இருந்துச்சுக்கா” என்கிறான். இவனுக்கெல்லாம் பெண் தேடுகிறார்கள்.

ஆனால் அந்த டப்பாவைத் திறந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. ஜெனி, எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் கதவுக்குப் பின்னால் ஓடுகிறவள், அந்த வாசனைக்குப் பூனை மாதிரி என் பின்னாலேயே வந்தாள். விரல் விட்டு நக்கினாள். கசப்பில் முகம் அஷ்டகோணலாகப் போயிற்று. ஆனாலும் டப்பாவை விட்டு நகரவில்லை.

சட்டென்று எனக்குக் கல்லூரி ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. என் அறைத் தோழியின் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தார். ரொட்டியில் தடவிக்கொள்ளும் சாக்லேட் விழுது. பருப்பை அரைத்து வெண்ணெய் மாதிரி ஆக்கி அதில் சாக்லேட் கலந்திருக்கும். ஆறு பேர், ஒரு ஸ்பூன். மறுநாள் பாட்டிலைக் கழுவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதை நாமே செய்தால் என்ன?

வேர்க்கடலை போடலாம். ஆனால் வேர்க்கடலை தின்றால் ஜெனிக்கு இருமல் வருகிறது. அல்லது, வருகிறது என்று நான் நினைக்கிறேன். அதற்கு முந்தைய வாரம்தான் ரேடியோவில் பெண்களுக்கான நிகழ்ச்சியில் ஒரு அம்மா, ‘பரங்கி விதையைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு கொடியையே வளர்க்கிற சத்து அதற்குள் இருக்கிறது’ என்று சொல்லியிருந்தார். நோட்டில் குறித்தும் வைத்திருந்தேன். ஒரு கொடியையே வளர்க்கிற சத்து... ஆகா!

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த பொன்னியிடம் கேட்டேன். பக்கத்துச் சரிவில் சாமையும் பரங்கியும் போடுகிறவள். என் வயதுதான்.

“பொன்னி, உங்க வூட்டுல பரங்கி விதை இருக்கா?”

ஆறு வருடத்தில் எனக்கும் ‘வூடு’ பழகிவிட்டது.

“கீது வாத்தியாரம்மா. எவ்ளோ வோணும்?”

“எவ்வளவு இருந்தாலும் குடேன்.”

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “அப்டியா! சரி சரி. ஆடியும் பொறக்கப் போவுதே” என்றாள். ஆடி பிறந்தால் என்ன, ஆவணி பிறந்தால் என்ன? ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஒரு துணி முடிச்சு வந்தது. பிரித்தால் விதை முழுக்கச் சாம்பல். அடடா, பாவம், அடுப்படியில் வைத்திருந்தாள் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு முறத்தில் கொட்டி வைத்தேன். அப்புறம் நாலு தண்ணீரில் அலசினேன். மூன்று தண்ணீர் போதும். நாலாவது என் திருப்திக்கு.

காய வைத்து, வாணலியில் வறுத்தேன். படபடவென்று வெடித்தது. ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தேன். பல்லால் கடித்து உரித்தால் சுலபம்தான், குழந்தைக்கு ஆயிற்றே! முக்கால் விதை முடிவதற்குள் என் கட்டைவிரல் நகம் முடிந்துவிட்டது. அளவு போதாது போலிருந்ததால் ஒரு பிடி வெள்ளை எள்ளையும் வறுத்துச் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு அம்மி. எங்கள் கரண்டில் பல்பே யோசித்துத்தான் எரியும்; மிக்ஸிக்கு எங்கே போவது? முதலில் மாவாக வந்தது. அரைக்க அரைக்க, களி மாதிரி கட்டியாக உருண்டது. போச்சு, கெட்டுவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வராத குறை. இருந்தும் கை நிற்கவில்லை. திடீரென்று... ஒரு மினுமினுப்பு. எண்ணெய் கசிந்தது. குழவிக்கு அடியில் அது தளர்ந்து, இளகி, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது! நான் தனியாகச் சமையலறையில் கைதட்டினேன். உண்மையாகவே கைதட்டினேன்.

கோக்கோத் தூள் மூன்று ஸ்பூன். ஒரு சிட்டிகை உப்பு. பிறகு மலைத் தேனை ஊற்றினேன். ஊற்றியதும் அது மறுபடியும் இறுகிக்கொண்டது. தேன் பட்டால் இறுகும் என்று யார் கண்டார்கள்? சூடான நெய் ஒரு ஸ்பூன் விட்டுக் கிளறினேன். சமாதானமாயிற்று. ஊறுகாய் பாட்டிலில் முக்கால் பாட்டில் வந்தது. பாட்டிலை எத்தனை கழுவியும் மூடியில் மட்டும் லேசாக எலுமிச்சை ஊறுகாய் வாசனை. அது ஒரு தனி ருசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனி சாப்பிட்டாள்!

சப்பாத்தியில் தடவினேன், சாப்பிட்டாள். கேழ்வரகு அடையில் தடவினேன், சாப்பிட்டாள். தோசையில், சாமைக் களியில், ஒருநாள் வெறிபிடித்துப் போய் அவித்த முட்டையில்கூடத் தடவினேன். சாப்பிட்டாள்! நான் வீட்டுக்குள் பாடிக்கொண்டே நடந்தேன். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “சத்து உணவு எப்படி இருக்குன்னு பரிசோதிக்கிறேன்” என்று தினமும் இரண்டு ஸ்பூன் பரிசோதித்தார்.

ஜெனி சந்தோஷத்தில் தன் டப்பாவை ஆட்டிக்கொண்டு வீடு முழுக்கக் குதித்தாள். அது ஒரு காலி பற்பொடி டப்பா. இவர்தான் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் கிலுகிலுப்பையாக்கிக் கொடுத்தது. என் தலைவலிக்கு மூல காரணம். அந்த வாரம் மட்டும் ஏனோ சத்தம் கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. மனம் நிம்மதியாக இருந்தால் காதும் நிம்மதியாக இருக்கும் என்று ஒரு தத்துவம்கூட நோட்டில் எழுதி வைத்தேன்.

ஒன்பதாவது நாள் பொன்னி பாலை ஊற்றிவிட்டு நின்றாள்.

“வாத்தியாரம்மா, வெதை போட்டாச்சா?”

“எந்த விதை?”

“நல்லாக் கேட்டே போ. நான் குடுத்தேனே, பரங்கி வெதை. பள்ளிக்கூடத்து வேலி பூரா வுடப் போறேன்னுதானே அவ்ளோ கேட்ட?”

பால் சொம்பைக் கீழே வைத்தேன்.

ஆடிப் பட்டம்! சாம்பல்! பூச்சி அரிக்காமல் இருக்க விதைக்குச் சாம்பல் பூசி வைப்பார்கள் என்பது இந்த மலையில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். மூன்று வருடம் பாட்டனி படித்தவளுக்குத் தெரியவில்லை. விதையை நீளவாக்கில் வெட்டிப் படம் வரைந்து, பாகம் குறித்து மார்க் வாங்கியவள் நான். அந்தப் பாகங்களை எல்லாம் வறுத்து, தேன் ஊற்றி, தோசையில் தடவிவிட்டேன்!

“போட்டாச்சு பொன்னி” என்றது என் வாய்.

எங்கே போட்டேன் என்று சொல்லவில்லையே. பொய் ஆகாது... ஆகுமா?

“ரொம்ப நல்லதாப் போச்சு. எங்க வூட்டுல வெச்சிருந்த முடிச்ச எலி தின்னுட்டுது வாத்தியாரம்மா. ஒண்ணு மிச்சமில்ல. போன வருசம் ரெண்டு பேரு சேந்து தூக்கின காயி அது. இப்போ உன் கொடிய நம்பிக்கினுதான் கீறேன். மொளைச்சுதா?”

“இப்பத்தான்... லேசா...”

“எலி தோண்டும். முள்ளு வெட்டிக்கினு வர்றேன், சுத்திப் போட்டுக்கலாம்.”

அவள் போனதும் நான் இவரிடம் ஓடினேன். “ஏங்க, பொன்னியோட விதைய நாம தின்னுட்டோம்!” இவர் வாயில் ஸ்பூன். நிதானமாக வெளியே எடுத்து, “எலி தின்ன பாதி போக மீதியை நாம தின்னோம். எலிய யாரும் கேள்வி கேக்கலை” என்றார். இவர் பள்ளியில் எடுப்பது நன்னெறி வகுப்பு!

இதைவிடப் பெரிய கஷ்டம் மறுநாள் வந்தது. பாட்டில் காலி. எடை பார்க்கும் புதன்கிழமைக்கு இன்னும் பதினைந்து நாள். ஜெனி பழையபடி தட்டைத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். “சாக்லேட் வெண்ணெய் குடு. இல்லேன்னா வாய மூடிக்குவேன்.” மூடிக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். விதை வேண்டும். விதை இருப்பது பொன்னியின் ஊரில். யாரிடம் போய் எந்த முகத்தோடு கேட்பது? ‘வேலிக்குப் போட்டது போதவில்லை’ என்று இன்னொரு பொய்யா? இரண்டு நாள் வெறும் எள்ளில் செய்து பார்த்தேன். ஜெனி நுனிநாக்கால் தொட்டுவிட்டு, “இது அது இல்ல” என்றாள். நீதிபதி மாதிரி!

மூன்றாம் நாள், பொன்னி தலையில் முள் கட்டோடு வந்து நின்றாள்.

“எங்க போட்ட, காட்டு.”

நான் அவளைப் பள்ளிக்கூட வேலிப் பக்கம் கூட்டிப்போனேன். ஏன் போனேன்? கால் போயிற்று. அங்கே புல் இருந்தது. பொன்னி புல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ‘பொன்னி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் பின்னால் ஜெனி டப்பாவை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

பொன்னி சட்டென்று கையை உயர்த்தினாள். “இரு. இன்னா சத்தம் அது?”

“அதுவா, கூழாங்கல்லு. அவங்கப்பா போட்டுக் குடுத்தது.”

“கல்லு இல்ல இது.” காதை அந்தப் பக்கமாகச் சாய்த்தாள். “காஞ்ச சொரக்குடுக்கைய ஆட்டித்தான வெதை முத்திடுச்சான்னு பாப்போம். எனக்குத் தெரியாதா? பாப்பா, இங்க வா கண்ணு.”

ஜெனி டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பொன்னி கெஞ்சிக் கொஞ்சி வாங்கி, மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

சாம்பல் ஒட்டிய பரங்கி விதைகள். பதினோரு விதை.

முறத்தில் கொட்டி வைத்தபோதே, நான் அலசுவதற்கு முன்னால் ஜெனி எடுத்திருக்கிறாள். கல்லைத் தூக்கி எறிந்துவிட்டாளாம். “கல்லு சத்தம் அம்மாவுக்குத் தலை வலிக்குதாம். அதான்” என்றாள் என் மகள்.

பொன்னி விதையைப் பார்த்தாள். “மீதி?”

ஜெனி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். “அம்மா சாக்லேட் பண்ணிட்டாங்க. அப்பாவும் தின்னாரு.”

அவ்வளவுதான். மூடி மறைக்க இனி என்ன இருக்கிறது? நர்சம்மாவின் புள்ளியிலிருந்து ஆரம்பித்து, கோக்கோ, அம்மி, பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பொன்னி முள் கட்டைக் கீழே போட்டாள்.

“எடுத்துக்கினு வா” என்றாள்.

“எதை?”

“அந்தச் சாக்லேட்ட.”

வீட்டில் பாட்டிலின் ஓரத்தில் ஒட்டியிருந்தது மட்டும்தான் மிச்சம். பொன்னி ஆள்காட்டி விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

“கசக்குது” என்றாள். கொஞ்சம் கழித்து, “இனிக்குது” என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, “இன்னா வாத்தியாரம்மா... ஊறுகா நாத்தம் அடிக்குது!” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “வெதைக்கிற வெதைய வறுத்துத் தின்ன மொத ஆளு நீதான்! இதுக்கா படிச்ச? எங்க வூட்டுக் கோழி கூட உன்னாட்டம்தான். அத்த மூங்கில் கூடை போட்டு மூடி வெச்சிருக்கோம்!”

நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் விக்கல் வரும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. “திங்கறதுக்குன்னு அன்னிக்கே சொல்ல வேண்டியதுதான? கொழம்புக்கு அறுக்கிற சின்னக் காயிலேர்ந்து தெனம் வழிச்சிக் கோழிக்கில்ல போடுறோம்!”

இன்னாத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவள் ஊரில் ஒருவர் விதை கேட்டால் அது மண்ணுக்குத்தான். என் ஊரில், குழந்தை சாப்பிடாவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் சாப்பாடு.

மறுநாளிலிருந்து கோழிகளுக்கு நஷ்டம். நாலு வீட்டிலிருந்து விதை வந்தது. எல்லாப் பெண்களும் கூடவே வந்தார்கள். விதை தின்னும் வாத்தியாரம்மாவைப் பார்க்க வேண்டாமா? இரண்டாவது பாட்டில் தயாராயிற்று. பதினோரு விதையில் பத்தை வேலி ஓரத்தில் ஜெனியின் கையாலேயே ஊன்றச் சொன்னாள் பொன்னி. பதினொன்றாவதை ஜெனி தரவில்லை. டப்பாவில் போட்டுக்கொண்டாள். ஒற்றை விதை சத்தம் போதவில்லையென்று, கூடவே கற்கள். இந்த முறை அவளே பொறுக்கிய கற்கள்.

புதன்கிழமை வந்தது. பலா மரம். தராசு. ஜெனியைப் பையில் உட்கார வைத்ததும், டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே கத்தல். “அத்த வாங்கும்மா” என்றார் நர்சம்மா. வாங்கப் போனால் தராசே ஊஞ்சல் ஆடுகிறது. வரிசையில் இருபது குழந்தைகள், அத்தனையும் கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தன. “சரி வுடு, டப்பாவுல இன்னா பெரிய கனம்” என்று நர்சம்மா முள்ளைப் பார்த்தார்.

அறுநூறு கிராம் கூடுதல்! புள்ளி கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்தது!

“பாத்தீங்களா? மனசு வெச்சா ஏறுது” என்றார் நர்சம்மா. துணைக்கு வந்திருந்த பொன்னி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்? வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதத்தில் எத்தனை தடவைதான் ஒருத்தி உண்மை பேசுவது?

பிறகு டப்பாவை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக் கழித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜெனி வழியெல்லாம் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஓணானைப் பார்த்து எறிந்துகொண்டே வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது டப்பாவில் மிச்சம் அந்த ஒற்றை விதைதான்.

ஆக, என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஏறியது என் மகளா, கல்லா?

கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிற மாதிரிதான் தெரிகிறது. இவர், “யாருக்கு? எனக்கா?” என்கிறார். பொன்னி, “கால்ல சதை போட்டுக்கீது, பாரு” என்கிறாள். நேற்று அவள் வீட்டில் ஜெனி எதுவும் தடவாத வெறும் சாமைச் சோற்றைப் பரங்கிக்காய்க் குழம்போடு சாப்பிட்டாளாம். நான் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டேன்.

வேலியில் ஏழு முளைத்துவிட்டது. பாட்டிலில் இன்னும் இரண்டு விரற்கடை இருக்கிறது. அடுத்த எடை பார்க்கும் புதன்கிழமைக்கு மூன்று வாரம்.

அன்புள்ள அம்மாக்களே, அனுபவசாலிகளே, கத்தரிக்காய் சாப்பிடாத அந்தப் பெரியவரே... யோசித்து எழுதுங்கள். எங்கள் மலைக்குத் தபால் மெதுவாகத்தான் ஏறும், அதனால் சீக்கிரம் எழுதுங்கள். அடுத்த மாதம் ஜெனியை டப்பாவோடு தூக்குவதா, டப்பா இல்லாமல் தூக்குவதா?